பெல்ட் அறுந்தா விதியா? தேதிய எழுதி ஒட்டுங்கய்யா!

மக்களே, முதல்லயே சொல்லிடறேன். இது கொஞ்சம் காரமான பதிவு, நீளமும் ஜாஸ்தி. பழைய டீசல் வேன் வெச்சிருக்கறவங்க, வாங்கப் போறவங்க, அதுல ஏறி கோயிலுக்குப் போறவங்க, மூணு தரப்பும் படிக்கலாம். மெக்கானிக் அண்ணன்மார் கண்டிப்பா படிக்கணும். படிச்சுட்டுத் திட்டினாலும் பரவாயில்ல.

"டைமிங் பெல்ட்டு அறுந்துடுச்சுப்பா... என்ன பண்றது, நேரம் சரியில்ல."

செஞ்சி கூட்டு ரோட்டுல கொஞ்ச நேரம் டீ கிளாஸோட நின்னீங்கன்னா இந்த டயலாக்கை யாராவது ஒருத்தர் வாயால கேட்டுடலாம். நேரம் சரியில்லையாம்! ஏன் சாமி, அந்த பெல்ட்டோட பேர்லயே நேரம் இருக்கு. அதோட நேரம் எப்ப முடியும்னு வண்டியைச் செஞ்சவன் புத்தகத்துல எழுதியே குடுத்திருக்கான். இத்தனை கிலோமீட்டர், இல்லைன்னா இத்தனை வருஷம், எது முதல்ல வருதோ அப்ப மாத்துன்னு. தேதி குறிச்சு வெச்சிருக்கற ஒரு விஷயத்தை விதின்னு சொல்றது எந்த ஊர் நியாயம்? பால் பாக்கெட்ல தேதி முடிஞ்சப்புறம் காய்ச்சினா திரியும். அதை யாரும் சனிப்பெயர்ச்சின்னு சொல்றதில்லையே.

என்னைப் பத்தி ஒரு வரி. படிச்சது மெக்கானிக்கல், சோத்துக்கு சென்னையில பொட்டி தட்டறேன். சொந்த ஊர் செஞ்சி. சனி ஞாயிறு ஊருக்கு வந்தா பாதி நேரம் தெரு முனை ஒர்க்‌ஷாப்புல தான் இருப்பேன். அதனால இது ஏதோ ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு சொல்ற உபதேசம் இல்ல :-)

பெல்ட்டுன்னா என்ன மேட்டர்?

தெரிஞ்சவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடலாம். தெரியாதவங்களுக்காக.

எஞ்சினுக்குக் கீழ் பக்கம் கிராங்க் ஷாஃப்ட். பிஸ்டனை ஏத்தி இறக்கறது அது. மேல் பக்கம் கேம் ஷாஃப்ட். காத்து உள்ள வர, புகை வெளிய போக வால்வுகளைத் திறந்து மூடறது அது. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் சரியா ஒரு சுத்து சுத்தணும். இந்த ரெண்டையும் கோத்து ஒரே தாளத்துல வெச்சிருக்கறது தான் பல்லு வெச்ச அந்த ரப்பர் பெல்ட். பழைய டீசல் பல வண்டிகள்ல டீசல் பம்பையும் இதே பெல்ட் தான் சுத்தும். சிலதுல தண்ணி பம்பும் இது தலையில தான்.

எல்லா வண்டியிலயும் பெல்ட் கிடையாது. பெரிய லாரி, பஸ் எஞ்சின்கள்ல பெரும்பாலும் கியர். டெம்போ டிராவலர்ல ரொம்ப காலம் வந்த மெர்சிடிஸ் வழி எஞ்சின்ல செயின். ஆனா நம்ம ஊர்ப் பக்கம் ஓடற பழைய வண்டிகள்ல பெல்ட் வண்டிகள் நிறைய. 1998 கடைசியில வந்த இண்டிகா டீசல், 2005-ல வந்த டாடா ஏஸ் (நம்ம குட்டியானை), 2007-ல அதே எஞ்சினோட ஆள் ஏத்த வந்த மேஜிக், 2000-ல இருந்து 2005 வரைக்கும் வித்த குவாலிஸ் டீசல், 2005-ல வந்த முதல் இன்னோவாவோட 2.5 டீசல்... எல்லாமே பெல்ட் தான். இன்னோவாவுல கூட 2016-ல கிரிஸ்டா வந்தப்புறம் தான் டீசலுக்கு செயின்.

சுவாரசியமான ஒரு விஷயம். இந்தப் பல்லு பெல்ட் முதல்ல வந்தது காருக்காக இல்ல. 1940-கள்ல அமெரிக்காவுல சிங்கர் தையல் மெஷினுக்காகக் கண்டுபிடிச்சாங்க. மேல ஊசியும் கீழ நூலும் ஒரே தாளத்துல போகணுமே, அதுக்கு. அப்புறம் 1962 வாக்குல ஜெர்மனியில கிளாஸ் 1004-ங்கற கார்ல கேம் ஷாஃப்ட்டுக்குப் போட்டாங்க. எடை கம்மி, சத்தம் கம்மி, எண்ணெய் தேவையில்ல, விலையும் கம்மி. நல்ல ஐடியா தான். ஒரே ஒரு நிபந்தனை, காலம் முடிஞ்சா மாத்திடணும். தையல் மெஷின்ல பெல்ட் அறுந்தா பிளவுஸ் ஒரு நாள் லேட்டாகும். டீசல் எஞ்சின்ல அறுந்தா கதையே வேற.

டீசல்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை அமுக்கியே சூடாக்கி டீசலைப் பத்த வைக்கணும். பழைய டீசல்கள்ல ஏறக்குறைய 20 மடங்கு அமுக்கும். அவ்வளவு அமுக்கணும்னா பிஸ்டன் மேல வரும்போது அதுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுல தான் இருக்க முடியும். வால்வு திறந்திருக்கும்போது பிஸ்டன் மேல வந்தா போறதுக்கு இடமே இல்ல, ஒண்ணை ஒண்ணு இடிக்கும். இடிக்காம காப்பாத்தறது அந்த பெல்ட் மட்டும் தான்.

ஒரு சின்ன கணக்கு. எஞ்சின் 2,000 ஆர்.பி.எம்.ல ஓடுதுன்னா கிராங்க் ஒரு நொடிக்கு 33 சுத்து. பெல்ட் அறுந்த உடனே மேல கேம் நின்னுடும், சில வால்வுகள் திறந்த நிலையிலயே மாட்டிக்கும். கீழ கிராங்க் வண்டியோட வேகத்துல இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும். ஒரே ஒரு நொடி போதும், 33 சம்மட்டி அடி. வால்வு வளையும், ராக்கர் உடையும், நேரம் நல்லா இல்லாட்டி (இப்ப தான் இந்த வார்த்தை பொருந்தும்) கேம் ஷாஃப்ட்டே ரெண்டா போகும், பிஸ்டனும் ஓட்டையாகும்.

நம்ம ராஜகிரி கோட்டையை நெனச்சுப் பாருங்க. 1690-ல இருந்து 1698 வரைக்கும் முகலாயப் படை முட்டிப் பாத்த கோட்டை. ஏறக்குறைய 800 அடி உயரம், அத்தனை மதில், அத்தனை வாசல். ஆனா உச்சிக்குப் போகணும்னா பாறைப் பிளவு மேல இருக்கற ஒரு சின்ன பாலத்தைத் தாண்டித் தான் போகணும். மொத்த கோட்டைக்கும் கடைசி வழி அது ஒண்ணு தான். எஞ்சினுக்கு பெல்ட்டும் அப்படித் தான். மதிலை எல்லாம் பூசி மெழுகிட்டு பாலத்தைப் பாக்காம விட்டா என்ன அர்த்தம்?

அமாவாசை ராத்திரி

எங்க தெரு அண்ணன் ஒருத்தர். பேர் வேணாம், வண்டி கம்பெனியும் வேணாம். மூணாவது கையா ஒரு பழைய டீசல் வேன் வாங்கினார். ஃபைனான்ஸ் தான். மாசா மாசம் டியூ. அமாவாசைக்கு மேல்மலையனூர், பௌர்ணமிக்கு திருவண்ணாமலை கிரிவலம், நடுவுல கல்யாணம், காதுகுத்து. இது தான் குடும்ப வருமானம்.

வாங்கும்போது புரோக்கர் கிட்ட கேட்டிருக்கார், "டைமிங் பெல்ட்டு மாத்திருக்கா?"ன்னு. "எல்லாம் பாத்தாச்சுண்ணா, எஞ்சின் கம்பெனி கண்டிஷன்"னு பதில். சர்வீஸ் புக்? "அதெல்லாம் மொத ஓனரோடயே போச்சு." நம்ப மாட்டாம ஒரு மெக்கானிக் கிட்ட கொண்டு போயிருக்கார். அவர் மேல் கவரை மட்டும் கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "பெல்ட்டு நல்லாத்தானே இருக்கு தம்பி, எதுக்கு வீணா செலவு? இன்னும் பத்தாயிரம் தாராளமா ஓடும்"னு அனுப்பிட்டார். ஸ்பீடோமீட்டர் கேபிள் எப்பவோ அறுந்து போன வண்டி. பத்தாயிரத்தை எதை வெச்சு எண்றது?

ஒரு அமாவாசை ராத்திரி, ஊஞ்சல் உற்சவம் பாக்கப் போற கூட்டத்தை ஏத்திக்கிட்டு மேல்மலையனூர் ரோட்ல போகும்போது 'டப்'புன்னு ஒரு சத்தம். எஞ்சின் நின்னுடுச்சு. உள்ள பத்து பேர், அதுல ரெண்டு கைக்குழந்தை. எஞ்சின் நின்னா பிரேக் பூஸ்டருக்கு உதவி கிடையாது. ரெண்டு மூணு மிதி வரைக்கும் கேக்கும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். ரோடு சமமா இருந்ததால ஓரம் கட்ட முடிஞ்சது. இறக்கமா இருந்திருந்தா, பின்னாடி லாரி வந்திருந்தா... வேணாம், விடுங்க.

அப்புறம் நடந்தது தான் உச்சம். உதவி பண்ண வந்தவங்க எல்லாரும் சேர்ந்து தள்ளி, கியர் போட்டு ஸ்டார்ட் பண்ணப் பாத்திருக்காங்க. நல்ல மனசு தான். ஆனா பெல்ட் அறுந்த வண்டியைத் தள்ளினா மிச்சம் மீதி இருக்கற வால்வையும் நம்ம கையாலயே வளைக்கறோம்னு அர்த்தம். ஹெட்டை இறக்கிப் பாத்தப்போ எட்டு வால்வுல ஆறு வளைஞ்சிருந்தது. லேத் வேலை, வால்வு, கைடு, கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்ந்து நாலு மாச டியூ காசு. மூணு வாரம் வண்டி ஷெட்டுல. அந்த மாச பௌர்ணமியும் போச்சு.

இதுக்கு ஊர் சொன்ன தீர்ப்பு என்ன தெரியுமா? "வண்டி வாங்கினா பத்தாது, பாத்துக்கத் தெரியணும்."

இங்க தான்யா எனக்கு பத்திக்கிட்டு வருது. அந்த மனுஷன் புரோக்கர் கிட்ட கேட்டார். மெக்கானிக் கிட்ட காட்டினார். இதுக்கு மேல அவர் என்ன பண்ணணும், ரப்பரோட பேசணுமா? பெல்ட் வயசு தெரிஞ்சவன் வண்டியை வித்துட்டுப் போயிட்டான். தெரிய வேண்டியவன் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு ஜோசியம் சொன்னான். எதுவும் தெரிய வழியில்லாத கடைசி ஆள் தலையில பில்லும் விழுந்துச்சு, பழியும் விழுந்துச்சு.

வழக்கமா வர்ற சால்ஜாப்புகள்

*"பாத்தா நல்லாத்தானே இருக்கு"*

ரப்பர் பெல்ட்டைப் பாத்து வயசு சொல்றது கைரேகை பாக்கற மாதிரி. பழைய நியோப்ரீன் பெல்ட்டுகள்ல விரிசல் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் வந்த எச்.என்.பி.ஆர். ரப்பர் பெல்ட்டுகள் பெரும்பாலும் விரிசல் காட்டாமலே வயசாகும். பாரத்தைத் தாங்கறது வெளிய தெரியற ரப்பர் இல்ல, உள்ள இருக்கற கண்ணாடி இழைக் கயிறு. அது உள்ளுக்குள்ள ஒவ்வொரு இழையா தேயும். கேம் சீல்ல இருந்து ஆயில் கசிஞ்சு பெல்ட்டுல பட்டா ரப்பர் ஊறும். தண்ணி பம்பு கசிஞ்சாலும் ஆபத்து. மேல இருந்து டார்ச் அடிச்சா தெரியறது பெல்ட்டோட முதுகு மட்டும். பிரச்சினை பல்லுல, கயித்துல.

இன்னொண்ணு, பெல்ட் மட்டும் இல்ல. அதை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர் பேரிங் மாட்டிக்கிட்டாலும் புது பெல்ட்டே அறுந்துடும். பேரிங்கோட ஆயுசை எந்த டார்ச் காட்டும்?

*"ஓடாம நின்ன வண்டி, கிலோமீட்டர் கம்மி"*

புத்தகத்துல கிலோமீட்டர் மட்டுமா போட்டிருக்கான்? வருஷமும் போட்டிருக்கான். ரப்பர் சும்மா நின்னாலும் வயசாகும். வீட்ல கியாஸ் டியூப்பை அடுப்பு பத்த வெச்ச எண்ணிக்கையை வெச்சா மாத்தறோம்? தேதி வெச்சுத் தானே மாத்தறோம். அதோட மீட்டர் ஓடாத பழைய வேன்ல கிலோமீட்டர்ங்கறது ஒரு கற்பனை.

*"செலவு தாங்காது சார்"*

இதைச் சொல்றவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, நியாயமான பயம். வாங்க, கணக்கு போட்டுப் பாப்போம். பெல்ட், டென்ஷனர், ஐட்லர், சீல், கூலி எல்லாம் சேர்த்து ஒரு பேச்சுக்கு 6,000 ரூபாய்னு வெச்சுக்குங்க. 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தறீங்கன்னும் வெச்சுக்குங்க. (உங்க வண்டி புத்தகத்துல என்ன இருக்கோ அது தான் சரியான கணக்கு.) கிலோமீட்டருக்கு 10 பைசா. செஞ்சியில இருந்து திருவண்ணாமலைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஒரு வழிக்கு 4 ரூபாய். போற வழியில குடிக்கற டீயை விடக் கம்மி! யானை வாங்கக் காசு இருக்கு, அங்குசம் வாங்கக் காசில்லைன்னா குட்டியானை கூட மதம் பிடிக்கத் தான் செய்யும்.

*"எத்தனையோ வண்டி மாத்தாமலே ஓடுதே"*

ஓடுது. ஹெல்மெட் போடாம எத்தனையோ பேர் வீடு வந்து சேர்றாங்க. அதை வெச்சு ஹெல்மெட் வேணாம்னு சொல்லிடலாமா? தப்பிச்சவன் வந்து டீக்கடையில கதை சொல்வான். தப்பிக்காதவன் வண்டியை வித்து கடனைக் கட்டிட்டு திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருப்பான், அவன் கதை டீக்கடைக்கு வராது. அவ்வளவு தான் வித்தியாசம்.

சரி, யார் தான் குத்தவாளி?

முதல்ல வித்தவங்க. பெல்ட் மாத்தற நேரம் வந்துடுச்சுன்னா வண்டியைத் தள்ளி விட்டுடற ஒரு கூட்டம் இருக்கு. டொயோட்டாவோட சில டீசல் வண்டிகள்ல இதுக்குன்னே டாஷ்போர்டுல 'டி-பெல்ட்'னு ஒரு விளக்கு உண்டு. குறிச்ச கிலோமீட்டர் வந்ததும் எரியும். எவ்வளவு நல்ல விஷயம்! ஆனா அந்த விளக்குக்கு பெல்ட் புதுசா பழசான்னு தெரியாது, அது எண்றது கிலோமீட்டரை மட்டும் தான். பெல்ட்டைத் தொடாமலே அதை அணைச்சுட முடியும். விளக்கை அணைச்சுட்டு விக்கறவன் விக்கறது வேனை இல்ல, திரி பத்த வெச்ச வெடியை.

அடுத்து சர்க்கார். 1989-ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 62-வது விதி தான் எஃப்.சி.க்கு அடிப்படை. எட்டு வருஷத்துக்கு மேல ஆன வாடகை வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கணும். என்ன பாக்கறாங்க? ஹெட்லைட், ரிஃப்ளெக்டர், கண்ணாடி, ஹாரன், சைலன்சர், வைப்பர், புகை, பிரேக், ஸ்டீயரிங், ஸ்பீடோமீட்டர். எல்லாம் தேவை தான், ஒண்ணும் குறை சொல்லல. டைமிங் பெல்ட் எப்ப மாத்தினேன்னு ஒரு கேள்வி கூடக் கிடையாது. பெயின்ட் அடிச்சு, ஸ்டிக்கர் ஒட்டி, ஹாரன் அடிச்சுக் காட்டினா "தகுதி"ன்னு சர்டிபிகேட். வாங்கறவன் அந்தக் காகிதத்தைப் பாத்து எஞ்சினும் தகுதின்னு நம்பறான்.

மூணாவது, வண்டி செய்யற கம்பெனிகள். ஒரு கம்பெனி இல்ல, பொதுவா எல்லாரையும் தான் சொல்றேன். விளம்பரம் தமிழ்ல வரும், ஷோரூம்ல தமிழ்ல பேசுவாங்க, கடன் பத்திரத்துல கையெழுத்து போடும்போது தமிழ்ல வெளக்குவாங்க. ஆனா பெல்ட் மாத்தற கெடு மட்டும் தடியான இங்கிலீஷ் புத்தகத்துல உள்ள ஒரு அட்டவணையில ஒளிஞ்சிருக்கும். அந்தப் புத்தகம் ரெண்டாவது ஓனர் கைக்கே வர்றதில்ல. டயர் காத்து எவ்வளவுன்னு கதவோரம் ஸ்டிக்கர் ஒட்டத் தெரிஞ்சவங்களுக்கு, பெல்ட் எப்பன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்ட என்ன கேடு?

நாலாவது, நம்ம மெக்கானிக் அண்ணன்மார்ல ஒரு பகுதி. எல்லாரையும் சொல்லல, கண்ணைக் கட்டிட்டு எஞ்சின் இறக்கற மாதிரி கை உள்ளவங்க நம்ம ஊர்ல இருக்காங்க. ஆனா "நல்லாத்தானே இருக்கு தம்பி"ங்கற அந்த ஒரு வார்த்தை எத்தனை குடும்பத்தைக் கவுத்திருக்கு! கஸ்டமர் காசை மிச்சம் பண்ணிக் குடுக்கறோம்னு நெனச்சுத் தான் சொல்றீங்க, தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயத்துக்கு நீங்க ஏன்ணே கேரண்டி குடுக்கறீங்க? "எப்ப மாத்தினதுன்னு தெரியல, அதனால மாத்திடு"ன்னு சொல்றது தான் அந்தக் குடும்பத்துக்கு நீங்க பண்ற உதவி.

எங்க ஐடி உலகம் மட்டும் ஒழுங்கான்னு கேக்காதீங்க. வெப்சைட்டுக்கு எஸ்எஸ்எல் சர்டிபிகேட்னு ஒண்ணு இருக்கு. அது எந்த நாள், எந்த நிமிஷம் காலாவதி ஆகும்னு அதுக்குள்ளயே எழுதியிருக்கும். அப்படியும் பெரிய பெரிய கம்பெனி சைட்டு எல்லாம் அதை மாத்த மறந்து படுத்துடும். ஆனா எங்க பக்கம் அப்படி நடந்தா சைட்டைப் பாக்க வந்தவனை யாரும் திட்ட மாட்டாங்க. தேதி எங்க குறிச்சிருந்தது, யார் கண்ணுல படலைன்னு தான் முதல் கேள்வி. அடுத்த வாரமே ஒரு அலாரம் வெச்சுடுவாங்க. வேனுக்கும் தேவை அதே அலாரம் தான். அதோட விலை ஒரு ஸ்டிக்கர்.

அப்ப என்ன தான் செய்யணும்?

ஒரே ஒரு கோரிக்கை தான். தேதியை வண்டி மேலயே எழுதுங்க. புத்தகம் தொலையும், பில் கிழியும், ஓனர் மாறுவான், மெக்கானிக் கடையை மாத்துவான். வண்டியோட கடைசி வரைக்கும் போறது வண்டி மட்டும் தான்.

ஆயில் மாத்தினா அடுத்த ஆயில் எப்பன்னு ஒரு அட்டை எழுதி ஸ்டீயரிங் பக்கம் தொங்க விடறீங்களே, அதே பழக்கம். டைமிங் கவர் மேல, எஞ்சின் சீட்டுக்கு அடியில இருந்தா டிரைவர் கதவுத் தூண்ல, அழியாத மார்க்கர்ல நாலு விஷயம்: மாத்தின தேதி, கிலோமீட்டர், என்னென்ன மாத்தினது, அடுத்தது எப்ப. தமிழ்ல எழுதுங்க. அதைப் படிக்கப் போறது ஜெர்மன் இன்ஜினியர் இல்ல, வளத்தியிலயோ அவலூர்பேட்டையிலயோ இருந்து வர்ற டிரைவர்.

வாங்கறவங்களுக்கு ஒரு சட்டம். ஸ்டிக்கரும் இல்ல பில்லும் இல்லைன்னா பெல்ட் மாத்தலைன்னு தான் அர்த்தம். புரோக்கர் சத்தியம் எல்லாம் கணக்குல வராது. பெல்ட் செலவை விலையில கழிங்க, வண்டியை நேரா ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்க, மாத்தினப்புறம் முதல் சவாரி.

மாத்தும்போது கூடவே நில்லுங்க. டென்ஷனர், ஐட்லர் பேரிங் சேர்த்து மாத்தணும். கேம் சீல், கிராங்க் சீல் கசிவு பாக்கணும். தண்ணி பம்பு அதே பெல்ட்டுல இருந்தா அதையும் அப்பவே பாத்துடணும், கூலி ஒண்ணு தானே. புது பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ விடாதீங்க, உள்ள இருக்கற கண்ணாடி இழை அங்கயே ஒடியும். கிராங்க், கேம், டீசல் பம்பு மூணு புல்லியிலயும் கம்பெனி குறி சரியா நிக்கணும்.

எல்லாம் மாட்டினப்புறம் சாவியைத் தொடாதீங்க. கிராங்க் புல்லி போல்ட்டுல ஸ்பேனர் போட்டு, எஞ்சின் சுத்தற திசையிலயே, கையால ரெண்டு முழு சுத்து. ஏன் ரெண்டு? கிராங்க் ரெண்டு சுத்தினா தான் கேம் ஒரு முழு சுத்து வரும், அப்ப தான் எல்லா வால்வும் ஒரு தடவை திறந்து மூடும். நடுவுல கெட்டியா முட்டினா நிறுத்திடணும், பலம் காட்டக் கூடாது. ரெண்டு சுத்து முடிஞ்சு குறி மறுபடி சேர்ந்தா தான் சாவி. ஒரு பல்லு தள்ளி மாட்டியிருந்தா இந்த ரெண்டு சுத்துல தெரிஞ்சுடும். அஞ்சு நிமிஷ வேலை. "அதெல்லாம் தேவையில்ல சார், நம்ம கை பழகின கை"ன்னு சொல்ற மெக்கானிக் கிட்ட நீங்களே ஸ்பேனரை வாங்கி நீட்டுங்க.

அப்படியும் ரோட்ல அறுந்துட்டா, தள்ளாதீங்க, கியர்ல போட்டு இழுக்காதீங்க, செல்ஃப் அடிக்காதீங்க. நியூட்ரல்ல போட்டு கட்டி இழுத்துட்டு வாங்க. பூஸ்டர் உதவி இருக்காது, அதனால பிரேக்கை பலமா மிதிக்கணும்ங்கறது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

சர்க்காருக்கும் ஒண்ணு. எஃப்.சி.யில எஞ்சினைப் பிரிச்சுப் பாருங்கன்னு நான் கேக்கல. அந்தப் படிவத்துல ஒரே ஒரு வரி சேருங்க: டைமிங் பெல்ட் மாத்தின தேதி. பில் காட்டினா எழுதுங்க, இல்லைன்னா "தெரியவில்லை"ன்னு எழுதுங்க. அந்த ஒரு வார்த்தையே அடுத்து வாங்கறவனைக் காப்பாத்தும்.

2025 ஜூலையில நம்ம கோட்டை மராத்தியர் கோட்டைகள் வரிசையில யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தாச்சு. இனிமே வெளியூர்க் கூட்டம் வரும், வாடகை வேனுக்கு சவாரி கூடும். புது வண்டி வாங்க வசதியில்லாத நம்ம பசங்க பழைய டீசல் வேனைத் தான் வாங்கப் போறாங்க. அவங்களுக்கு வண்டியை விக்கறவங்களே, பாக்கறவங்களே, சர்டிபிகேட் குடுக்கறவங்களே, அவங்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு தேதியை மறைக்காதீங்க. மறைச்சுட்டு அப்புறம் வந்து அவனுக்குப் பாத்துக்கத் தெரியலைன்னு மட்டும் சொல்லாதீங்க.

மார்க்கர் விலை 20, 30 ரூபாய் இருக்கும். எழுதிடுங்கய்யா.

டிஸ்கி: செயின் வண்டி வெச்சிருக்கறவங்க ரொம்ப சிரிக்காதீங்க. செயினும் இழுபடும், டென்ஷனரும் தேயும். ஆனா அது அறுந்து போறதுக்கு முன்னாடி கரகரன்னு கத்தி ஊரைக் கூட்டும். பெல்ட் பாவம், வாயில்லா ஜீவன். அதுக்காகத் தான் இந்தப் பதிவு இவ்வளவு கத்திடுச்சு :-)